மயக்கத்தில் ஆடிய எட்டு அடி

அன்புள்ள மகளுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது, நீ பேசவில்லை என்று நானும், நான் பேசவில்லை என்று நீயும், நடுவில் உன் அம்மா இரண்டு பக்கமும் செய்தி சுமந்து சுமந்து அலுத்துப்போனதுதான் மிச்சம். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அது பாதிப் பொய்யாகிவிடும் என்பதால் அம்மா நலம் என்று மட்டும் எழுதுகிறேன். நீ நலமா என்பதை இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, தெரிந்தே ஆகவேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்குவதை விட்டுவிட்டாள். உன் அறை ஜன்னலின் கொக்கி உடைந்ததை மாற்றிவிட்டேன். அலுவலகத்தில் என்னிடம் வேலை கற்றவன் ஒருவன் எனக்கு மேலதிகாரியாக வந்து உட்கார்ந்திருக்கிறான், நான் எழுதிய லிஃப்ட் சோதனை அறிக்கையில் கமா எங்கே போட வேண்டும் என்று எனக்கே சொல்லித்தருகிறான், தரட்டும். இருபத்தெட்டு வருடமாக மற்றவர்கள் ஏறி இறங்கும் பெட்டிகளின் கம்பி வடத்தைத் தடவிப் பார்த்து, எந்த இழை அறுந்திருக்கிறது என்று தேடுவதுதான் என் பிழைப்பு. பயப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் என்று நீ சின்ன வயதில் கேலி செய்வாய். இப்போது சம்பளம் இல்லாமலே பயந்துகொண்டிருக்கிறேன்.

முதலில் அந்தப் பழைய விஷயத்தை முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்து எழுதப்போவது எதையும் நீ நம்பமாட்டாய். உன் முதல் பெரிய நடனப் போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் உன்னைக் கூப்பிட்டு, அம்மாவுக்கு நெஞ்சு வலி, உடனே புறப்பட்டு வா என்று சொன்னேன். நீ கிடைத்த வண்டியில் ஏறி ஒன்றரை நாள் பயணம் செய்து வந்து சேர்ந்தபோது உன் அம்மா பின்பக்கம் துவைத்த போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயமே தெரியாது. நீ தோளிலிருந்த பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. "இனிமே நீங்க நெஞ்சு வலின்னு சொன்னா நான் நம்பமாட்டேம்ப்பா" என்று சொல்லிவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாய். செய்தது தப்பு என்று அன்றைக்கே தெரியும். ஆனால் அம்மா இரண்டு நாள் தட்டை மேஜையில் டங்கென்று வைத்துவிட்டு அறைக்குள் போய்க்கொண்டிருந்தாள், எனக்கும் வீம்பு ஏறிவிட்டது. எனக்கு ஆட்டம் பிடிக்காது, அந்நிய ஆணோடு கைகோத்து ஆடுவது பிடிக்காது, பாதத்தை வெளியே திருப்பித் திருப்பி நடக்கும் உன் வாத்து மாஸ்டரைப் பிடிக்காது என்றெல்லாம் நீயும் நினைத்தாய், நானும் நினைக்கவிட்டேன். காரணம் அதுவல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஓர் ஒன்பது மாடிக் கட்டடத்தில் சோதனை. லிஃப்டை நிறுத்திப் பூட்டியாகிவிட்டது, மேலே மோட்டார் அறைக்குப் படியில்தான் ஏறவேண்டும். ஆறாவது மாடித் திருப்பத்தில் சுவர் மெல்ல நகர்ந்தது, பிறகு விளிம்பிலிருந்து உள்ளே இருட்டு வந்தது, டார்ச்சின் வெளிச்சம் ஒரு பொட்டாகச் சுருங்குவதுபோல. கண் விழித்தபோது படியில் உட்கார்ந்திருக்கிறேன், அந்த மாடியில் குடியிருக்கும் அம்மாள் ஒருவர் என் முகத்துக்கு நேரே செய்தித்தாளை விசிறிக்கொண்டிருக்கிறார். மருத்துவமனையில் நெஞ்சில் குளிர்ச்சியாக எதையோ தடவித் திரையில் பார்த்தார்கள். இதயத் தசையின் நடுச்சுவர் இருக்கவேண்டியதைவிடத் தடித்திருக்கிறதாம், பிறவியிலேயே வருவதாம், வேகமாக ஓடும்போதும் ஆடும்போதும் ரத்தம் வெளியேறும் வழியை அது அடைக்கலாம், துடிப்பே தாறுமாறாகிவிடலாம். எனக்கு மாத்திரையோடு போய்விடும் என்று டாக்டர் அம்மாள் சொன்னார். பிறகு, குடும்பத்தில் யாராவது சிறு வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். தம்பி என்றேன். எப்படி என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டார். பிள்ளைகள் எத்தனை, ஒன்று, எங்கே, தூரத்தில். என்ன செய்கிறாள் என்று கேட்டார். பல் கட்டும் கூடத்தில் அச்சு எடுக்கிறாள் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். "ஆடுறா டாக்டர், போட்டிக்கு" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதுவரை எனக்குப் பயம் வரவில்லை, அந்தப் பேனா மேஜையில் படுத்ததைப் பார்த்தபோதுதான் வந்தது. உங்கள் மகளுக்கும் இது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது, ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்வரை அவள் ஓர் அடிகூட வேகமாக ஆடக்கூடாது, எப்போதாவது மயக்கம் வந்திருக்கிறதா என்று உடனே கேளுங்கள் என்றார். உடனே என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னார்.

நான் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது. அம்மாவைக் கேட்கச் சொன்னேன். அவள் உன்னிடம் பேசும்போது ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், அது உனக்குத் தெரியாது. அவள் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் நீ சிரித்தாய். "அம்மா, அப்பா எழுதிக் கொடுத்தத ஒப்பிக்காத. போட்டி வருதுன்னா அவருக்கு எங்கேர்ந்துதான் நெஞ்சு வலி வருமோ." உன்னைக் குறை சொல்லவில்லை. அந்தப் பதிலை நானே பதினாறு மாதத்துக்கு முன்னால் உனக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து அம்மா உன் பெயர் ஃபோனில் வரும்போதெல்லாம் எடுக்குமுன் ஒரு விநாடி கண்ணை மூடிக்கொள்கிறாள்.

முந்தாநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது உன்னோடு ஆடும் ஜோடி கூப்பிட்டான், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். என் எண்ணை எங்கிருந்து பிடித்தானோ. வாயில் நுரையோடு, என் மகளுக்கு என்ன ஆச்சு என்று கத்திவிட்டேன். அவன் பயந்துபோய், ஒண்ணும் ஆகல அங்கிள், நல்லா இருக்கா, உங்ககிட்ட ஒரு உதவி கேக்கலாம்னு என்றான். உதவி என்ன என்பதைப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன்னால், உன் பெருமையைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, போன மாதம் அரையிறுதியில் நடந்ததைச் சொன்னான். கடைசி ஆட்டம் குவிக்ஸ்டெப், ஜோடியாகத் தரை முழுவதும் வேகமாக ஓடி ஆடுவதாம், மூலை திரும்பும்போது உன் எடை முழுவதும் அவன் வலது கையில் வந்து இறங்கியதாம். குனிந்து பார்த்தால் உன் கண் மேலே சொருகியிருக்கிறது. "நான் நிறுத்தலாம்னு நெனச்சேன் அங்கிள். அதுக்குள்ள எங்க டான்ஸ் கிளாஸ் ஆளுங்க பாத்துட்டாங்க. எழுபத்திரண்டு, எழுபத்திரண்டுன்னு எங்க முதுகு நம்பரச் சொல்லி ஒரே கத்து. அப்புறம் எப்படி நிறுத்துறது? எட்டு அடி அவள அப்படியே தூக்கிட்டே ஆடினேன். ஒம்பதாவது அடியில முழிச்சுக்கிட்டா. ஜட்ஜுங்க ஒருத்தருக்கும் தெரியல." அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாததால்தான் அப்படி என்று நீ சொன்னாயாம், அவர்களும் நம்பிவிட்டார்கள். உங்கள் கூட்டத்தில் இப்போது அது ஒரு கதையாகிவிட்டதாம், யாராவது பயிற்சியில் சோர்ந்து உட்கார்ந்தால், எட்டு அடி, எட்டு அடி என்று சொல்லி எழுப்புகிறீர்களாம்.

வீடியோவை அனுப்பினான். நாற்பது தடவை பார்த்திருப்பேன். எனக்கு ஆட்டம் தெரியாது, ஆனால் அறுந்த இழையைத் தேடிப் பழகிய கண் இது. முதலில் உன் இடது கை அவன் தோளிலிருந்து நழுவுகிறது, விரல் விரலாக. தலை பின்னால் சாய்கிறது, பார்ப்பவர்களுக்கு அது ஒயில், எனக்கு அது கழுத்தில் பலம் இல்லாதது. உன் கால் தரையில் இழுபடுவதைப் பாவாடை மறைத்துவிடுகிறது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்கிறது, நீ இல்லாமல் உன் சிரிப்பு மட்டும் இருக்கிறது. தரை ஓரத்தில் உன் கூட்டாளிகள், பஸ் ஓட்டுகிறாளே அந்த டிரைவர் அக்கா முன்னால் நின்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறாள், மற்றவர்கள் கையைத் தட்டுகிறார்கள். ஐந்து விநாடி இருக்காது. கடைசியாகப் பார்த்தபோது திரையில் உன்னைப் பார்க்கவே இல்லை, தட்டுகிற கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அந்தக் கைகளில் ஒரு ஜோடி என்னுடையது.

உன் சித்தப்பா ஈரத் தரையில் சறுக்கித் தலையில் அடிபட்டு இறந்தான் என்றுதான் உனக்குத் தெரியும். சித்திக்கும் அப்படித்தான் தெரியும். அப்படிச் சொன்னவன் நான். தரை ஈரமாக இல்லை. நாங்கள் இருவரும் இரட்டையர் ஆட்டத்தில் பூப்பந்து ஆடினோம், ஊர்த் தொழிற்சாலைகளுக்கு இடையிலான போட்டி, அவனுக்கு வயது முப்பத்தொன்று, உனக்கு நான்கு. மூன்றாவது ஆட்டம், பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. அவன் மட்டையால் முழங்காலைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்து, "கண்ணு இருட்டுதுண்ணே" என்றான். நான், "ரெண்டு பாயிண்ட்டுடா, அப்புறம் இருட்டட்டும்" என்றேன். அவன் சிரித்தான். அடுத்த பந்துக்குக் கையைத் தூக்கியவன் அப்படியே உட்கார்ந்து, பிறகு படுத்தான். சுற்றி நின்ற எங்கள் ஆட்கள் எல்லோரும் கை தட்டினார்கள், எழுந்திரு எழுந்திரு என்று தாளம் போட்டார்கள். நானும் தட்டினேன். "நடிக்காதடா, எந்திரி" என்றேன். ஒரு நிமிடமாவது தட்டியிருப்போம். யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோருக்கும் அவன்மேல் உயிர். அந்த நேரத்தில் ஓடிப்போய் அவனைத் திருப்பிப் போட வேண்டிய கைகள் தட்டிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். பிறகு, சறுக்கினான் என்று முதலில் என் வாயிலிருந்துதான் வந்தது, எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் எந்த டாக்டராவது இது குடும்ப வியாதி என்று கண்டுபிடித்திருப்பார், உன்னைப் பள்ளிக்கூடக் காலத்திலேயே ஸ்கேன் எடுத்திருப்போம். நீ காலில் சலங்கை மாதிரிச் செருப்பைக் கட்டிக்கொண்டு கூடத்தில் குதித்த ஒவ்வொரு நாளும் எனக்கு அவன் படுத்ததுதான் கண்முன் வந்தது, ஏன் என்று கேட்டால் சொல்ல வாய் வரவில்லை, அதனால் பிடிக்காது பிடிக்காது என்று கத்தினேன். கோபக்காரன் என்ற பெயர் வாங்குவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

உன் கூட்டாளிகள்மேல் எனக்கு இருந்த எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். அது பொறாமை. நான் ஒரு பழைய லிஃப்டுக்குப் பாதுகாப்புச் சான்று தரமாட்டேன் என்று நின்றபோது, உன்னோடு இருக்கிறோம் என்று என்னிடம் சொன்ன அலுவலகத்து ஏழு பேரும் விசாரணை அறையில் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், என்னை இரண்டு வருடம் தரைக்கடியில் பழைய கோப்புகளோடு வைத்தார்கள். ஏழு பேரின் முகமும் ஷூவின் நிறமும் நினைவிருக்கிறது. உன் ஆட்களைப் பற்றி அம்மா சொல்வாள், ஒருத்தி முதுகு ஜிப் அறுந்தால் இன்னொருத்தி நின்றபடியே தைத்துவிடுவாளாம், தோற்று வெளியே வந்தவர்கள் அழுது முடிப்பதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஜோடியின் எண்ணைக் கத்தப் போய்விடுவார்களாம், என் பொய்யால் நீ அந்த முதல் போட்டியைத் தவறவிட்டுத் திரும்பியபோது நிலையத்தில் பதினைந்து பேரும் வந்து நின்றார்களாம், ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லையாம். என் வாழ்க்கையில் என் எண்ணை யாரும் கூப்பிட்டதில்லை. அதனால் அவர்களைக் கூத்தாடிக் கும்பல் என்று சொல்லி ஆற்றிக்கொண்டேன். தப்பு என்னுடையது. ஆனால் அவர்கள் செய்ததும் தப்பு, நான் செய்த அதே தப்பு, அதை என்னைத் தவிர வேறு யாரும் அவர்களுக்குச் சொல்ல முடியாது.

அதனால் கேள். போட்டிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இதோடு என் ஸ்கேன் அறிக்கையின் நகலும் டாக்டர் அம்மாள் உன் ஊர் டாக்டருக்கு எழுதிய சீட்டும் வைத்திருக்கிறேன், என்னை நம்பாவிட்டால் போகிறது, அதில் இருக்கும் எண்ணில் அவரைக் கூப்பிடு. இதய டாக்டரிடம் போ, வலிக்காத சோதனை, அரை மணி நேரம்கூட ஆகாது. மயக்கம் வந்ததைச் சொல், சாப்பிடவில்லை என்று மழுப்பாதே. அதுவரை பயிற்சிக்குப் போனால் ஓரத்தில் உட்கார், படி ஏறும்போது மெதுவாக ஏறு, அந்தத் தூக்கம் விரட்டும் பானம் எதுவும் குடிக்காதே. ஒன்றுமில்லை என்று வந்தால் ஆடு, நான் முன் வரிசையில் வந்து உட்கார்ந்து நீ எந்தக் காலில் நிற்கிறாய் என்று தெரியாமலே கை தட்டுகிறேன். ஏதாவது இருக்கிறது என்று வந்தால் அப்போதும் வருகிறேன், வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள், இந்த மேஜைக்கு எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள், சித்தப்பா விஷயத்தை இன்று மத்தியானம்தான் அவளிடம் சொன்னேன், அவள் எழுந்து போகவில்லை. நீ நூறு வயது இருக்கவேண்டும். என் வயிற்றெரிச்சல், வீம்பு எதுவும் உன்னைத் தொடக்கூடாது. சித்திக்கு நாளைக்கு நானே நேரில் போய்ச் சொல்வேன், நீ முந்திக்கொள்ளாதே.

இனி உன் ஜோடி கேட்ட உதவி. பெரிய போட்டிக்கு முன்னால் கடைசிப் பயிற்சி அன்று ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் தெம்பு சொல்லி ஒரு கடிதம் வருமாம், எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு, ஒருவர் எடுத்து உரக்கப் படிக்க, யார் வீட்டுக் கடிதம் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். போன வருடம் உனக்கு மட்டும் வரவில்லையாம். டிரைவர் அக்காவே ஒன்று எழுதிப் போட்டாளாம், நாலு வரி படித்ததும் நீ, "எங்கப்பா இவ்வளவு இனிப்பா எழுத மாட்டாரு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாயாம். இந்தத் தடவையாவது எழுதுங்க அங்கிள் என்று கெஞ்சினான். கடைசிப் பயிற்சி வரை காத்திருக்க முடியாது, இந்த வெள்ளிக்கிழமையே எல்லோரையும் உட்காரவைத்துப் பெட்டியைத் திறக்கவேண்டும் என்று அவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெள்ளிவரை உன்னைக் குவிக்ஸ்டெப் ஆட விடக்கூடாது என்றும் சொன்னேன், காரணம் கேட்டான், கடிதத்தில் வரும் என்றேன், சத்தியம் செய்து கொடுத்திருக்கிறான்.

இவ்வளவையும் உனக்கு மட்டும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். ஆனால் உன் முகவரிக்கு வந்தால், உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் அலமாரியில் போடுவாய், பிரித்தாலும் பாதியில் மடித்துவிடுவாய். தனியாக இருக்கும்போது நீ என் மகள், வீம்பு பிடித்தவள். பதினைந்து பேர் நடுவில் உன்னால் அப்படி இருக்க முடியாது. ஆகவே இது உன் ஜோடியின் கடைக்குப் போகிறது. என் பொய்யையும் தம்பியையும் வாத்து என்று எழுதியதையும் அந்நியர்கள் கேட்பார்கள், கேட்கட்டும், எதையும் அடிக்கவில்லை. படிக்கிறவர் யாராக இருந்தாலும் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன், கடைசி வரி வரை நிறுத்தாமல் படியுங்கள். எழுபத்திரண்டு எழுந்து வெளியே போகப் பார்ப்பாள், கதவுப்பக்கம் இரண்டு பேர் நில்லுங்கள். அவள் எண்ணைக் கத்துங்கள், என் தம்பிக்குத் தட்டியதுபோல் அல்ல, அவளை நிறுத்துவதற்காக. பிறகு யாராவது அவளை டாக்டரிடம் அழைத்துப் போங்கள், கையைப் பிடித்துக்கொண்டு. பெட்டிக்குள் போகும் கடிதத்தில் பெயர் இருக்கக்கூடாதாம், அதனால் கீழே அப்பா என்ற மூன்று எழுத்தைக்கூட நான் போடவில்லை, இப்படியே ஒட்டித் தபாலில் போடுகிறேன்.